பந்து நம் கையில் இல்லாதபோது

(பள்ளிக் கூடைப்பந்துக் குழுவினர்)

கூடைப்பந்தாட்டத்தைப் பார்க்க வருவோர் கைதட்டுவதெல்லாம் பந்து கூடைக்குள் விழும்போதுதான். பந்தை விழவிடாமல் தடுத்தவளுக்குக் கைதட்டுவார் எவருமில்லை. மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் வாசிக்கப்படுவதும் புள்ளி எடுத்தவளின் பெயரே. ஆகவே கூடைப்பந்து என்றால் பந்தை எறிவது என்றே நாங்களும் நெடுநாள் எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் எப்படி மாறிற்று என்பதையும், மாறிய பின் நாங்கள் கற்ற பாடங்களையும் நம் பள்ளி மாணவியருக்கும், சகோதரிகளுக்கும், பெற்றோருக்கும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஒரு தோல்வியின் கணக்கு

சென்ற ஆண்டு குறுவட்டப் போட்டியின் அரையிறுதியில் நாங்கள் தோற்றோம். எதிரணிக்கு 30 புள்ளிகள், எங்களுக்கு 28. ஆட்டம் முடியச் சில வினாடிகளே இருந்தபோது எங்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தன. திரும்பி வரும்போது பேருந்தில் ஒருவரும் பேசவில்லை. எறிந்த தோழி ஜன்னலோரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருந்தாள். அவளுக்கு ஆறுதல் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. "இவளால்தான் தோற்றோம்" என்று வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர, எங்கள் முகங்கள் அதைத்தான் சொல்லின. மறுநாள் முதல் ஒரு வாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை.

எங்கள் உடற்கல்வி ஆசிரியை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டத்தின் புள்ளித்தாளை மட்டும் எடுத்துவந்து எங்களை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். எதிரணி போட்ட கூடைகளை ஒவ்வொன்றாகப் படித்து, "இது விழுந்தபோது அவள் முன்னால் நின்றது யார்?" என்று கேட்டார்கள். மொத்தம் 14 கூடைகள், இரண்டு ஃப்ரீ த்ரோ. நாங்கள் நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல, எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. நான்கு கூடைகள், பந்தை இழந்ததும் நாங்கள் ஓடித் திரும்பாமல் நின்றுவிட்டதால் விழுந்தவை. மூன்று கூடைகள், தவறிய பந்தை எதிரணியினரே மீண்டும் பிடித்துப் போட்டவை. இரண்டு கூடைகள், எங்களில் மூவர் பந்தை நோக்கியே ஓடி, வளையத்தடியில் ஒருத்தியைத் தனியே விட்டதால் விழுந்தவை. ஆக 14இல் 9 கூடைகள் விழுந்தபோது, போட்டவளுக்கு முன்னால் ஒருவருமே இல்லை!

"அவள் விட்டது இரண்டு புள்ளி. நீங்கள் எல்லாரும் சேர்ந்து விட்டது பதினெட்டுப் புள்ளி" என்றார்கள் ஆசிரியை. அன்று மாலையே நாங்கள் அத்தோழியின் வீட்டிற்குச் சென்றோம். அவள் அன்னை எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "இத்தனை பேர் வர ஒரு வாரமா ஆயிற்று?" என்று கேட்டார்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். மறுநாள் அவள் பயிற்சிக்கு வந்தாள்.

தடுப்பு, ஆட்டத்தோடு பிறந்தது

கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியவர் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர். 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், பீச் பழக் கூடைகள் இரண்டை உயரே மாட்டி, 13 விதிகளை எழுதி, 18 மாணவர்களை அணிக்கு 9 பேராகப் பிரித்து ஆடவைத்தார். அந்த முதல் ஆட்டம் முழுவதிலும் விழுந்த கூடை ஒன்றே ஒன்றுதான்.

நைஸ்மித் எழுதிய விதிகளுள் முக்கியமானது, எதிராளியைத் தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலை இடறுவது கூடாது என்பதாகும். இதைச் சற்றுச் சிந்தித்துப் பார்ப்போம். கையால் பிடிக்கக்கூடாது, உடலால் தள்ளக்கூடாது என்றால், தடுப்பவளுக்கு மிஞ்சுவது என்ன? அவளுடைய கால்களும், கண்களும், முன்யோசனையுமே. தடுப்பாட்டம் முரட்டுத்தனம் அன்று. எதிராளி போக நினைக்கும் இடத்திற்கு அவளுக்கு முன்பே போய் நிற்கும் கலை அது.

பெண்கள் இவ்வாட்டத்தை ஆடத் தொடங்க நெடுநாள் ஆகவில்லை. 1892ஆம் ஆண்டிலேயே ஸ்மித் கல்லூரியின் ஆசிரியை சென்டா பெரன்சன் மாணவியருக்கென விதிகளைத் திருத்தி அமைத்தார். ஆடுகளத்தை மூன்று பகுதியாகப் பிரித்து, அவரவர் பகுதிக்குள்ளேயே ஆடவேண்டும், பிறர் கையிலுள்ள பந்தைப் பிடுங்கக்கூடாது என்று வகுத்தார். அவ்வழியில் வளர்ந்த அறுவர் ஆட்டம், அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பள்ளிகளில் 1993 வரை நடைபெற்றது. அதில் அணிக்கு மூவர் புள்ளி எடுப்போர், மூவர் தடுப்போர். தடுப்போர் நடுக்கோட்டைத் தாண்டவே கூடாது. எனவே பள்ளிக் காலம் முழுவதும் ஒருமுறைகூடக் கூடையை நோக்கி எறியாமல், தடுத்தே அணிக்கு வெற்றி தேடித்தந்த மாணவியர் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தனர்.

நம் மாநிலத்திற்கு உடற்கல்வி முறையாக வந்ததும் அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். 1920இல் ஹாரி குரோ பக் என்பவர் சென்னையில் நிறுவிய உடற்கல்விக் கல்லூரியில் பயின்றோர் பலர், பள்ளிகளுக்கு ஆசிரியராகச் சென்று இவ்விளையாட்டுகளைப் பரப்பினர்.

முதற்பாடம்: நிற்கும் நிலை

தடுப்பவள் முதலில் நிற்கக் கற்கவேண்டும். கால்களைத் தோளகலத்தைவிடச் சற்று அதிகமாக விரித்து, முழங்கால்களை மடக்கி, தலையை நிமிர்த்தி, உடலின் பாரம் முன்பாதங்களில் இருக்குமாறு நிற்கவேண்டும். கைகள் உடலைவிட்டு விலகி விரிந்திருக்க வேண்டும்.

எங்களில் பலர் முதலில் செய்த தவறு, கோலம் போடுவதைப்போல இடுப்பை மட்டும் வளைத்ததுதான். அப்போது தலை முன்னே சாய்ந்துவிடுகிறது. எதிராளி ஓர் அடி எடுத்து வைத்தாலே நாம் தடுமாறிவிடுகிறோம். கனமான குடத்தைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி முதுகை நேராக வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அதுவே சரியான நிலை. தொடக்கத்தில் அரை நிமிடம் நிற்பதற்குள் தொடைகள் நடுங்கும். நாளடைவில் பழகிவிடும்.

இரண்டாம் பாடம்: கால் நகர்வு

பக்கவாட்டில் நகரும்போது கால்களை ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே வைக்கக்கூடாது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவும் கூடாது. போகும் திசைக்கு எதிர்ப்புறத்துக் காலால் தரையை உந்தி, முன்காலை எடுத்து வைக்கவேண்டும். எதிராளிக்கும் நமக்கும் ஒரு கை நீளம் இடைவெளி போதும்.

எங்கே பார்ப்பது? பந்தைப் பார்த்தால் அது ஏமாற்றும். கண்களைப் பார்த்தால் அவையும் ஏமாற்றும். தோள்கூட ஏமாற்றும். இடுப்பு மட்டும் ஏமாற்றாது. அது போகும் திசையில்தான் ஆள் போகமுடியும். ஆகவே பார்வை இடுப்பின்மீது இருக்கட்டும். அவளை நடுக்களத்திற்கு விடாமல் எல்லைக்கோட்டின் பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். எல்லைக்கோடு நம் அணிக்குச் சம்பளமில்லாத ஆறாவது ஆட்டக்காரி!

பந்தை மேலிருந்து கீழே அறைந்து தட்டும் ஆசையை விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் அது கையில் பட்டு ஃபவுலாகும். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக் கீழிருந்து தட்டுவதே பாதுகாப்பானது. ஐந்து ஃபவுல் செய்தவள் வெளியேற வேண்டும். ஒரு காற்பகுதி ஆட்டத்தில் அணியின் ஃபவுல்கள் ஐந்தை எட்டினால், அப்போதிருந்து எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். பொறுமையாகக் காத்து நிற்பவளுக்கு விதிகளே துணை நிற்கின்றன. பந்தைப் பிடித்து நிற்பவளை ஒரு மீட்டருக்குள் நெருங்கி முறையாகக் காத்தால், அவள் ஐந்து வினாடிக்குள் பந்தை விடவோ தட்டிச் செல்லவோ வேண்டும். ஓர் அணி பந்தைப் பெற்ற 24 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். இந்த 24 வினாடியும் ஒழுங்காகத் தடுத்தால், பறிக்காமலேயே பந்து நம்மிடம் வந்து சேரும்.

பந்தைத் தட்டுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பில் ரஸ்ஸல், 1957 முதல் 1969 வரை 13 பருவங்களில் 11 முறை தம் அணியோடு அமெரிக்கப் பட்டத்தை வென்றவர். தடுப்பாட்டத்தாலேயே அவர் புகழ் பெற்றார். அவர் எதிராளி எறிந்த பந்தைக் கூட்டம் ஆர்ப்பரிக்கும்படி வெளியே அடித்து விரட்டாமல், தம் தோழர்கள் பிடிக்கும்படி களத்திற்குள்ளேயே தட்டிவிடுவார். வெளியே போன பந்து எதிரணிக்கே திரும்பும். உள்ளே விழுந்த பந்து நமக்குக் கிடைக்கும்.

மூன்றாம் பாடம்: பந்தில்லாதவளைக் காத்தல்

களத்தில் ஐந்து எதிராளிகளுள் ஒருத்தியிடம்தான் பந்து இருக்கும். எனவே நம்மில் நால்வர் எப்போதும் பந்தில்லாதவளையே காத்து நிற்கிறோம். எங்கள் 18 புள்ளிகள் போனது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பந்து, நாம் காக்கும் ஆள், நாம் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணமாக அமையவேண்டும். ஒரு கை பந்தைச் சுட்டட்டும், மறு கை ஆளைச் சுட்டட்டும். தலையைத் திருப்பாமலே இரண்டும் கண்ணில் படவேண்டும். நம் ஆளிடமிருந்து பந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு நாம் உள்ளே தள்ளி வளையத்தின் பக்கம் வரலாம். பந்து நெருங்க நெருங்க நாமும் நம் ஆளை நெருங்கவேண்டும். முக்கியமானது, பந்து காற்றில் இருக்கும்போதே ஐவரும் இடம் மாறிவிட வேண்டும். பந்து போய்ச் சேர்ந்த பிறகு ஓடுவது, இரயில் புறப்பட்ட பிறகு டிக்கெட் வாங்கப் போவதற்கு ஒப்பாகும்.

நான்காம் பாடம்: குரல்

பின்னால் நடப்பது முன்னால் நிற்பவளுக்குத் தெரியாது. அதைச் சொல்லவேண்டியவள் பின்னால் நிற்பவளே. வகுப்பில் பேசக்கூடாது என்று கண்டிக்கப்படும் நமக்கு, பேசாததற்காகக் கண்டிக்கப்படும் இடம் கூடைப்பந்து மைதானம் ஒன்றே!

இதில் எங்களுக்கு வந்த இடர்ப்பாடு வேடிக்கையானது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் நம் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. இன்றும் வீட்டில் தெலுங்கு பேசும் தோழியர் எங்கள் குழுவில் உண்டு. ஒருநாள் பயிற்சியில் அப்படிப்பட்ட ஒருத்தி, "குடி! குடி!" என்று கூவினாள். தெலுங்கில் அதற்கு வலப்பக்கம் என்று பொருள். முன்னால் நின்ற தமிழ்த் தோழியோ, தண்ணீர் குடிக்கத்தான் சொல்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் கூடை விழுந்துவிட்டது. சிரித்து முடித்த பின், எல்லாரும் கூடி ஐந்து சொற்களை முடிவு செய்தோம்: பந்து, வலம், இடம், உதவி, ஷாட். "பந்து" என்றால் பந்துள்ளவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொருள். "உதவி" என்றால் நீ தாண்டப்பட்டாலும் உன் பின்னால் நான் இருக்கிறேன் என்று பொருள். இந்த ஒரு சொல் தரும் தைரியத்தை அனுபவித்தவரே அறிவர்.

ஐந்தாம் பாடம்: எறிந்த பின்னும் காவல்

எதிராளி எறிந்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைத்து, பந்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பது பெருந்தவறு. "ஷாட்" என்ற குரல் கேட்டதும் முதலில் நம் ஆளைத் தேடி, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முழங்காலை மடக்கி, அவள் வளையத்தை நெருங்காதபடி வழியை அடைத்து நிற்கவேண்டும். அதன் பிறகே பந்தை நோக்கிக் குதிக்கவேண்டும். உயரம் குறைந்த நாங்கள் உயரமானவர்களுக்கு எதிராக ரீபவுண்டு எடுப்பது இம்முறையால்தான்.

குதித்து இறங்கும்போது இரண்டு கால்களையும் ஊன்றி, முழங்கால்கள் மடங்கியவாறும் உட்புறம் சாயாதவாறும் மெத்தென இறங்க வேண்டும். முழங்கால் தசைநார் கிழியும் காயம் ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரிகளுக்கு அதிகம் ஏற்படுகிறது என்பது மருத்துவர்கள் கண்டறிந்த உண்மை. முறையாக இறங்கவும் திரும்பவும் பழக்கும் பயிற்சிகளை ஆட்டத்திற்கு முன் ஒழுங்காகச் செய்துவந்தால் அவ்வபாயம் குறையும். ஆகவே முழங்காலை மடக்கு என்று ஆசிரியை நூறுமுறை சொல்வது வெற்றிக்காக மட்டுமன்று.

வெற்றி என்னும் பழக்கம்

நம் ஊர் மலைக்குச் செல்லும் படிகள் 365. ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக அவற்றை எண்ணுவது வழக்கம். அவற்றை ஏறுகின்ற எவரும் நூறு படியை ஒரே தாவலில் கடந்ததில்லை. வெற்றியும் அப்படித்தான். போட்டி நாளன்று திடீரென வந்து சேர்வது அன்று. நாள்தோறும் ஒரு படி என்று ஏறிச் சேர்வது.

எறிதல் சில நாட்களில் கைகூடும், சில நாட்களில் கைகூடாது. கை நடுங்கும், காற்று வீசும், வளையம் கோணலாக இருக்கும். ஆனால் ஓடித் திரும்புவதும், முழங்காலை மடக்குவதும், தோழிக்குக் குரல் கொடுப்பதும் ஒருவர் முனைந்தால் எந்த நாளும் செய்யக்கூடியவை. திருக்குறளில் நாடு என்ற அதிகாரத்தை அடுத்து அரண் என்ற அதிகாரத்தையும், அதன் பின்னரே பொருள் செயல்வகையையும் காண்கிறோம். முதலில் காவல், பிறகே ஈட்டல் என்ற அவ்வரிசை எங்களுக்குப் பிடித்துப்போயிற்று.

நாங்கள் கைக்கொண்ட பழக்கங்கள் எளியவை.

முதலாவது, ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் கூடைகளை எழுதுவதில்லை. யார் எத்தனை முறை ஓடித் திரும்பினாள், எத்தனை பந்தைத் தட்டிவிட்டாள், எத்தனை முறை வழியை அடைத்தாள் என்பதையே எழுதுகிறோம். எண்ணப்படுவதைத்தான் மனிதர் கவனிப்பர்.

இரண்டாவது, பயிற்சியின் முடிவில் "மூன்று தடுப்பு" என்னும் ஆட்டம். தடுக்கும் அணி தொடர்ந்து மூன்று முறை கூடை விழாமல் தடுத்தால்தான் வீட்டுக்குப் போகலாம். இரண்டு முறை தடுத்துவிட்டு மூன்றாவதைக் கோட்டைவிட்டால், மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். களைத்திருக்கும்போது கருத்தாக ஆட இதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

மூன்றாவது, சிறு விஷயங்களில் ஒழுங்கு. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜான் வுடன், 1964 முதல் 1975 வரையுள்ள 12 ஆண்டுகளில் 10 முறை தம் பல்கலைக்கழக அணியைத் தேசியப் பட்டத்திற்கு அழைத்துச் சென்றவர். அவர் பருவத்தின் முதல் நாளில் கற்பித்தது காலுறையைச் சுருக்கமின்றி அணிவதும், ஷூவின் கயிற்றை இறுகக் கட்டுவதும்தான். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஓடமுடியாது. முதற்பட்டத்தை அவர் வென்றது அப்பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 16ஆம் பருவத்தில் என்பதையும் நினைவில் கொள்வோம்.

நான்காவது, சினத்தை அடக்குதல். போர் முடித்த முருகனின் சினம் தணிந்த இடமாதலால் தணிகை என்று பெயர் வந்ததாக நம் ஊர்ப் பெரியோர் கூறுவர். நடுவர் தவறாக ஊதினாலும் கையை உயர்த்தி ஏற்றுக்கொண்டு, அடுத்த கணமே தற்காப்பிற்கு ஓடவேண்டும். வாதாடி நிற்கும் நேரத்தில்தான் எதிரணி கூடை போடுகிறது.

ஐந்தாவது, தவறியவளைத் தொட்டுத் தேற்றுதல். எவள் பந்தைத் தவறவிட்டாலும் அருகிலிருப்பவள் அவள் தோளைத் தட்டவேண்டும் என்பது இப்போது எங்கள் குழுவின் விதி. இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

விளையாட்டினால் படிப்புக் கெடும் என்ற அச்சம் பல இல்லங்களில் உண்டு. பத்தாம் வகுப்பு வந்ததும் எங்களில் இருவரை நிறுத்திவிட்டார்கள். அவ்வச்சத்தை நாங்கள் இகழவில்லை. ஆனால் டென்னசி பல்கலைக்கழக மகளிர் அணியை 1974 முதல் 2012 வரை பயிற்றுவித்த பாட் சம்மிட் என்னும் அம்மையாரை நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். தடுப்பையும் ரீபவுண்டையும் அடித்தளமாகக் கொண்டு 1,098 ஆட்டங்களையும் 8 தேசியப் பட்டங்களையும் வென்றவர் அவர். அதைவிடப் பெரிது, அவரிடம் முழுக் காலமும் ஆடிமுடித்த மாணவியர் அனைவரும் பட்டதாரிகளாயினர் என்பதே.

தொலைவில் பார்க்கவும் தேவையில்லை. சென்னையில் ஆடி வளர்ந்த அனிதா பால்துரை, 19 வயதிலேயே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கினார். ஒன்பது ஆசியப் போட்டிகளில் நாட்டிற்காக ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2017ஆம் ஆண்டு பெங்களூரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதியாட்டத்தில் இந்திய அணி கஜகஸ்தானை 75க்கு 73 என்ற கணக்கில் வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. இரண்டே புள்ளி வித்தியாசம். எதிரணியின் ஒரு கூடையைத் தடுத்ததும், நாம் ஒரு கூடையைப் போட்டதும் அங்கே ஒரே மதிப்புடையவை அன்றோ?

இருட்டுவதற்குள் வீடு திரும்பவும், படிப்பு நேரத்தைக் குறைக்காதிருக்கவும் நாங்கள் உறுதி கூறுகிறோம். நீங்கள் காலையில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியும், மாலையில் ஒரு பிடி வேர்க்கடலையும், உங்கள் அனுமதியும் தந்தால் போதும்.

முடிவாக

இவ்வாண்டும் கோப்பை நம் பள்ளிக்கு வரவில்லை. இறுதியாட்டம் வரை சென்று, நான்கு புள்ளிகளில் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போலப் புள்ளித்தாளோடு உட்கார்ந்தோம். முன்னால் ஆளின்றி விழுந்த கூடைகள் இரண்டு மட்டுமே. ஒன்பது இரண்டாகிவிட்டது. அடுத்த ஆண்டு அவ்விரண்டும் குறையவேண்டும். அன்று பேருந்தில் பாடிக்கொண்டே வந்தோம். முதல் பாட்டைத் தொடங்கியவள், சென்ற ஆண்டு ஜன்னலோரம் அமர்ந்து வந்த அதே தோழி. களத்தில் "உதவி" என்று எல்லாரையும்விட உரக்கக் குரல் கொடுப்பவளும் அவளே.

ஆறாம், ஏழாம் வகுப்புத் தங்கைகளே! காலை ஆறு மணிக்கு மைதானத்தில் உங்களுக்காகக் காத்திருப்போம். உயரமில்லையே என்று தயங்கவேண்டாம். எறியத் தெரியாதே என்றும் தயங்கவேண்டாம். முழங்காலை மடக்கவும், ஓடித் திரும்பவும், தோழியைக் கூப்பிடவும் தெரிந்தால் போதும். சுருக்கமில்லாத காலுறையோடு வாருங்கள்.